மின்சாரம் இருந்தது, பாலம்தான் இல்லை!



2012-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் மின்வெட்டு. ஈரோட்டில் தறிகள் நின்றன. கோவையில் பட்டறைகள் நின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் டிரம்கள் டீசலில் சுற்றின. கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை வைத்த இளைஞன் வாசலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக் கொண்டிருந்தான். அதற்கு முன்பே, 2008 நவம்பர் முதலே, உயர் அழுத்த இணைப்பு வைத்திருந்த ஆலைகளுக்கு 40 சதவிகித வெட்டு வந்துவிட்டது. கூடியும் குறைந்தும் அந்தக் கட்டுப்பாடு 2015 வரை நீடித்தது.

அந்த நாட்களில் மேடைக்கு மேடை ஒரே பேச்சுதான். "மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லை!" மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லா நோய்க்கும் ஒரே காரணத்தைச் சொல்லி, ஒரே ஆளைத் திட்டி, சோடா குடித்துவிட்டு இறங்கிவிடுவது! ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைத் திட்டியது. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைத் திட்டியது. உண்மையில் நடந்தது என்ன?

அதே காலத்தில் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் நிலக்கரிச் சுரங்கங்களின் பக்கத்திலேயே கட்டப்பட்ட தனியார் மின் நிலையங்கள் வாங்குவதற்கு ஆள் தேடிக் கொண்டிருந்தன. மின்சாரச் சந்தையில் வடக்கு, மேற்கு, கிழக்கு மண்டலங்களின் விலை ஒன்றாக இருந்தது. தென் மண்டலத்தின் விலை வேறாக இருந்தது. ஒரே நாடு, ஒரே நாள், ஒரே நேரம். ஆனால் பல நாட்கள் நம் விலை அவர்கள் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஏன்?

இதை நம் வியாபாரிகளுக்கு விளக்குவது கஷ்டமில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். நாசிக் பக்கம் லாசல்காவ் மண்டியில் வெங்காயம் குவிந்து கிடக்கிறது. கிலோ பத்து ரூபாய். கோயம்பேட்டில் வெங்காயம் இல்லை. நடுவில் ஓர் ஆறு. அதன் மேல் ஒரே ஒரு குறுகிய பாலம். ஒரு நாளைக்குப் பத்து லாரிக்கு மேல் அதில் போக முடியாது. கோயம்பேட்டில் விலை என்ன ஆகும்? நாற்பதுக்கு ஏறும். லாசல்காவில் விவசாயிக்கு அதே பத்துதான் கிடைக்கும். சரக்கும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. கிலோவுக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் எங்கே பிறந்தது? பாலத்தில் பிறந்தது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. அந்த முப்பது ரூபாய் யார் பைக்குப் போகிறது?

குறுகிய பாலங்கள்

2013 டிசம்பர் 31 வரை தென் மண்டலத்தின் மின்தொகுப்பு தனித்தீவாக இருந்தது. நாட்டின் மற்ற பகுதிகளெல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்ந்துவிட்ட பிறகும், நாம் மட்டும் சில நேர் மின்னோட்ட இணைப்புகளால்தான் கட்டப்பட்டிருந்தோம். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு ஒரு தடம், சுமார் 2,000 மெகாவாட். மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் பக்கம் ஓர் இணைப்பு, 1,000 மெகாவாட். விசாகப்பட்டினத்தை ஒட்டிய காஜுவாக்காவில் இன்னொன்று, 1,000 மெகாவாட். 30,000 மெகாவாட்டுக்கும் மேல் தேவைப்பட்ட தென் மண்டலத்துக்குப் பெரிய பாலங்கள் இவ்வளவுதான்.

இதிலும் தால்ச்சர் - கோலார் தடம் புதிய சரக்குக்குத் திறந்திருக்கவில்லை. தால்ச்சர் அனல் மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்திலிருந்து தென் மாநிலங்களுக்கு ஒதுக்கிய மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கென்றே போடப்பட்ட தடம் அது. கட்டும்போதே அதில் இடம் பிடித்தாகிவிட்டது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்கள் மொத்தமாக விழுந்தன. அறுபது கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு என்று உலகமே பேசியது. தென் மண்டலம் அன்று விழவில்லை. தீவாக இருந்ததால் தப்பியது! பொல்லாத பாலம் ஒரு நாள் காப்பாற்றியது என்பதற்காக, மீதி நாட்களில் அது வாங்கிய சுங்கத்தை மறந்துவிட முடியுமா?

பாலத்தில் யார் முதலில்?

வெங்காயத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெங்காய மூட்டையில் பெயர் எழுதலாம். மின்சாரத்தில் பெயர் எழுத முடியாது. சத்தீஸ்கரில் நீங்கள் வாங்கிய யூனிட்தான் உங்கள் மோட்டாரைச் சுற்றுகிறது என்று யாரும் காட்ட முடியாது. கம்பிக்குள் போனபின் அது இயற்கையின் விதிப்படிதான் ஓடும். ஆகவே மின்சார வியாபாரம் என்பது முழுக்க முழுக்கக் கணக்கு வியாபாரம். நாளைக்கு எந்தக் கால் மணி நேரத்தில் யார் எவ்வளவு தொகுப்புக்குள் போடுவார், யார் எவ்வளவு எடுப்பார் என்று முன்கூட்டியே அட்டவணை. தென் மண்டலத்துக்கான அட்டவணையைப் பெங்களூரில் உள்ள மின்சுமை அனுப்புகை மையம் போடுகிறது. அட்டவணையிலிருந்து விலகினால் அதற்குத் தனிக் கட்டணம். கடைசியில் எல்லாம் ரூபாயில் வந்து முடிய வேண்டும். அதற்குப் பெயர்தான் கணக்குத் தீர்வு.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்த பிறகு மின்சாரத்தை இரண்டு விதமாக வாங்கலாம் என்றானது. ஒன்று, இருதரப்பு ஒப்பந்தம். விற்கிறவரும் வாங்குகிறவரும் நேராகவோ தரகர் மூலமோ உட்கார்ந்து, இத்தனை மெகாவாட், இத்தனை மாதம், இன்ன விலை என்று எழுதிக்கொள்வது. இரண்டாவது, 2008 ஜூன் 27-ல் தொடங்கிய இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் போன்ற சந்தை. இங்கே யாருக்கும் யார் முகமும் தெரியாது. நாளைய மின்சாரத்துக்கு எல்லோரும் இன்று விலை சொல்கிறார்கள். கூட்டிக் கழித்து ஒரு விலை பிறக்கிறது.

பாலம் அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது. பாலம் குறுகும்போதுதான் வரிசை என்கிற கேள்வி வருகிறது. நம் நாட்டின் அன்றைய விதிப்படி நீண்டகால ஒப்பந்தம் வைத்திருந்தவருக்கு முதலிடம். அடுத்து, சில ஆண்டுகளுக்கான நடுத்தர கால ஒப்பந்தம். அதற்கடுத்து, மூன்று மாதம் வரை முன்பதிவு செய்த குறுகிய கால இருதரப்பு ஒப்பந்தம். அதற்குப் பாலத்தில் இருக்கும் இடத்தைவிட அதிகம் பேர் கேட்டால், இடத்துக்கே ஏலம் நடந்தது! இவ்வளவு பேரும் ஏறிய பிறகு பாலத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது சந்தைக்கு. சில நேரம் மிச்சம் கொஞ்சம் இருக்கும். சில நேரம் ஒன்றுமே இருக்காது.

சரி, சந்தை என்ன செய்யும்? முதலில் பாலத்தின் அகலத்தைப் பாராமல் நாடு முழுவதுக்கும் ஒரே விலை போட்டுப் பார்க்கும். அந்த விலையில் தெற்கே அனுப்ப வேண்டிய அளவு பாலத்தில் அடங்கினால் எல்லோருக்கும் ஒரே விலை. அடங்காவிட்டால் சந்தையை இரண்டாகப் பிளக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விலை. இந்தப் பக்கம் ஒரு விலை. தெற்குக்குள்ளும் ஆந்திரம், கர்நாடகம் ஒரு பகுதியாகவும், தமிழ்நாட்டின் பக்கம் இன்னொரு பகுதியாகவும் பிரிந்து, நம் விலை அவர்களுடையதைவிடவும் ஏறிய நாட்கள் உண்டு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுங்கள். வடக்கில் யூனிட் 3 ரூபாய், தெற்கில் 8 ரூபாய். பாலத்தில் சந்தைக்குக் கிடைத்த இடம் 1,000 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் கடந்துவரும் மின்சாரம் 10 லட்சம் யூனிட். தெற்கில் வாங்கியவர்கள் 80 லட்சம் ரூபாய் கட்டுகிறார்கள். வடக்கில் விற்றவர்களுக்கு 30 லட்சம் போகிறது. மீதி 50 லட்சம்? ஒரு மணி நேரத்துக்கு 50 லட்சம்! நாள் முழுக்க இப்படியே இருந்தால் 12 கோடி! இதை விற்றவர் சம்பாதிக்கவில்லை. வாங்கியவர் மிச்சம் பிடிக்கவில்லை. பாலம் குறுகலாக இருந்ததால் விழுந்த பணம். இதற்கு நெரிசல் தொகை என்று பெயர்.

இந்தப் பணம் சந்தை நடத்துகிற கம்பெனியின் லாபமாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-ல் விதி போட்டு, இதை மின் அமைப்பு மேம்பாட்டு நிதி என்ற ஒரு நிதியில் சேர்க்கச் செய்தது. அந்த நிதியைச் செலவிடுவதற்கான திட்டத்துக்கு 2014-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிதி ஓர் அமானிதம் அல்லவா? பாலம் குறுகியதால் தெற்கத்திக்காரன் கூடுதலாகக் கட்டிய காசு முதலில் அந்தப் பாலத்தை அகலப்படுத்தத்தானே போக வேண்டும்? நாடு முழுவதும் துணை மின் நிலையங்களைச் சீர்செய்யவும் அதிலிருந்து கொடுத்தார்கள். 2015-ல் எரிவாயு கிடைக்காமல் முடங்கிக் கிடந்த மின் நிலையங்களை ஓட்டவும் அதிலிருந்து மானியம் கொடுத்தார்கள். அவை தேவையற்ற செலவு என்று நாம் சொல்ல வரவில்லை. யாருடைய காசு, எதற்காகப் பிடித்த காசு என்பதைத்தான் கேட்கிறோம்.

ஒப்பந்தக்காரரின் பை

இப்போது அதே கணக்கை ஒப்பந்தக்காரர் பக்கமிருந்து பாருங்கள். ஒரு தரகர் மூன்று மாதம் முன்பே பாலத்தில் இடம் பதிவு செய்துவிட்டார். வடக்கில் யூனிட் மூன்றரை ரூபாய்க்கு வாங்கி, தெற்கில் ஆறரை ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுகிறார். வாங்குகிறவருக்குச் சந்தோஷம், சந்தையில் எட்டு ரூபாய் அல்லவா! ஆனால் இடையிலே இருக்கும் மூன்று ரூபாய், பாதைக் கட்டணமும் இழப்பும் போக, எங்கே போகிறது? நிதிக்குப் போகவில்லை. பாலத்தில் இடம் வைத்திருந்தவருக்குப் போகிறது. சந்தை வழியாக வந்தால் வித்தியாசம் நிதிக்கு; ஒப்பந்தம் வழியாக வந்தால் வித்தியாசம் இடம் பிடித்தவருக்கு. பாலம் ஒன்றுதான், நெரிசல் ஒன்றுதான், கணக்கு முடிகிற இடம் மட்டும் வேறு!

இதில் இன்னொரு பிரிவினர் பேசப்படாமலே தப்பித்துக்கொண்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே, தெற்கிலேயே, மின் நிலையம் வைத்திருந்த தனியார்கள். அவர்களுக்குப் பாலமே தேவையில்லை. பாலம் அடைபட அடைபட அவர்களுக்குக் கொண்டாட்டம்! "சந்தையில் எட்டு ரூபாய் போகிறது, உனக்கு ஏழுக்குத் தருகிறேன்" என்று மின்வாரியங்களிடம் பேச முடிந்தது. அன்று நாட்டின் மொத்த மின்சாரத்தில் குறுகிய கால வியாபாரம் முழுவதும் சேர்ந்தே சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதிலும் சந்தை ஒரு சிறு பகுதி. ஆனால் அந்தச் சிறு பகுதியில் பிறந்த விலை, ஒப்பந்த மேசையில் எல்லோர் வாயிலும் உட்கார்ந்துகொண்டது. நகைக் கடையில் தங்கம் வாங்காதவர்கூட அன்றைய தங்க விலையைத்தான் பேசுகிறார் அல்லவா? அப்படித்தான்.

அப்படியென்றால் ஒப்பந்தமே வேண்டாமா?

சில இளைஞர்கள் உடனே இப்படிக் கேட்பார்கள். எல்லோரும் சந்தையிலேயே வாங்கினால் நியாயம் பிறந்துவிடுமா? அதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா. 1998-ல் மின்சாரச் சந்தையைத் திறந்தபோது, பெரிய மின்விநியோகக் கம்பெனிகள் அன்றாடச் சந்தை வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று கட்டிப்போட்டார்கள். நீண்டகால ஒப்பந்தத்துக்கு வழியடைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு கோடையில் விலை வானத்துக்கு ஏறியது. சான்டியாகோ நகர மக்களின் மின் கட்டணம் இரண்டு மடங்கானது. 2001 ஜனவரியில், தெற்கையும் வடக்கையும் இணைக்கும் 15-ஆம் எண் பாதையின் நெரிசலால், தெற்கில் மின்சாரம் இருந்தும் வடக்கே மின்வெட்டு சுழன்றது. 2001 ஏப்ரலில் மிகப் பெரிய விநியோகக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. பயந்துபோன மாநில அரசு, விலை உச்சத்தில் நின்ற நேரத்தில் ஓடிப்போய் 4,000 கோடி டாலருக்கு மேல் நீண்டகால ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது. கையெழுத்து காய்வதற்குள் விலை சரிந்தது! மழை பெய்யும்போது குடை விலை கேட்டவன் கதைதான்.

அங்கேதான் இன்னொரு வித்தையும் அரங்கேறியது. நெரிசலுக்குப் பணம் உண்டு என்றால், நெரிசலை உற்பத்தி செய்ய ஒருவன் வருவான் அல்லவா? வந்தான். என்ரான் கம்பெனி! (மகாராஷ்டிரத்தின் தாபோல் மின் நிலையத்தால் இந்தப் பெயர் நமக்கும் அறிமுகமானதுதான்.) 1999 மே 24-ல், வெறும் 15 மெகாவாட் தாங்கக்கூடிய சில்வர்பீக் என்ற ஒற்றைக் கம்பியில் 2,900 மெகாவாட் அனுப்பப்போவதாக அட்டவணை கொடுத்தது. ஒற்றையடிப் பாதையில் நூற்றுக்கணக்கான லாரிகளுக்கு டோக்கன் போட்டது போல! சந்தைக் கணக்கு குழம்பி விலை ஏறியது. கலிஃபோர்னியா மக்கள் லட்சக்கணக்கான டாலர் கூடுதலாகக் கட்டினார்கள். என்ரான் கட்டியது எவ்வளவு? 25,000 டாலர். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. அந்தத் துணிச்சலில் அடுத்த ஆண்டே, நெரிசலுக்கு எதிர்த்திசையில் மின்சாரம் அனுப்புவதாகக் காகிதத்தில் காட்டி நிவாரணப் பணம் வாங்கி, அதே மின்சாரத்தை வேறு வழியாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தது. ஒரு யூனிட்கூட உண்மையில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பணம் மட்டும் போய்ச் சேர்ந்தது. கம்பெனியின் வழக்கறிஞர்களே இதை எழுதிவைத்த குறிப்பு 2002 மே மாதம் வெளியானபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் என்ரானே திவாலாகிவிட்டது.

ஆகவே ஒப்பந்தம் குற்றமில்லை. ஒப்பந்தம் இல்லாதவன் அன்றாடச் சந்தையில் தோலுரிக்கப்படுவான். ஒப்பந்தம் எழுதும்போது பாலத்தை மறந்தவனும் தோலுரிக்கப்படுவான்.

நம் மாநிலத்தையே பாருங்கள். 2013-ல் தமிழ்நாடு 15 ஆண்டுகளுக்கு 3,330 மெகாவாட் வாங்க, யூனிட் 4 ரூபாய் 91 காசு என்ற விலையில் பல கம்பெனிகளுடன் ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு பகுதி வெளிமாநில மின் நிலையங்கள். விலை முடிவாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. பாலத்தில் இடம்? அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது! நிச்சயதார்த்தம் முடிந்த பெண் அங்கே, மாப்பிள்ளை இங்கே, நடுவில் ஆற்றில் வெள்ளம்.

பாலம் வந்தது, கதை மாறியது

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் தென் மண்டலத்தை நாட்டோடு ஒரே தொகுப்பாகச் சேர்த்தது. அதன்பின் தடத்துக்கு மேல் தடம் வந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் நேர் மின்னோட்டத் தடம் தொடங்கி வைக்கப்பட்டது. பழைய மூன்று பாலங்களையும் சேர்த்ததைவிடப் பெரிய ஒற்றைப் பாலம்! இன்று பெரும்பாலான நாட்களில் சந்தை பிளப்பதில்லை. ஸ்ரீநகரிலும் சேலத்திலும் சந்தை விலை ஒன்றே. எந்தக் கட்சிக்காரரும் இதற்காக விழா எடுத்து நோட்டீஸ் ஒட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பாலம் வந்துவிட்டது, இனி பேச என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நெரிசல் ஊர் மாறியிருக்கிறது, ஆள் மாறியிருக்கிறது. இப்போது அது சூரியனிடமும் காற்றிடமும் வந்திருக்கிறது. 2025-ல் ராஜஸ்தானில் சூரிய மின்சாரத்தை வெளியே கொண்டுபோகத் தடம் போதாமல், வெயில் கொளுத்தும் நேரத்திலேயே உற்பத்தியை நிறுத்திவைக்கச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டிலும் சூரிய மின் நிலையங்களுக்கு "குறைத்துக்கொள்" என்று உத்தரவு போய்க்கொண்டே இருந்தது. காரணம் கேட்டால், தொகுப்பின் பாதுகாப்பு! உற்பத்தியாளர்கள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அட்டவணைகளைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாகத் தோண்டிப் பார்த்தபோது, பாதுகாப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் காசுக் கணக்குக்காகக் குறைக்கப்பட்ட நேரங்கள் வெளியே வந்தன. 2021 ஆகஸ்ட் 2-ல் தீர்ப்பாயம், அந்த நேரங்களுக்கு ஒப்பந்த விலையில் 75 சதவிகிதத்தை ஈடாகக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவில் கம்பெனி பொய் நெரிசல் காட்டியது. இங்கே? வாங்குகிறவரே "பாதுகாப்பு" என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டார். ஒப்பந்தம் போட்டுவிட்டு, கசக்கும்போது பாதையைச் சாக்குச் சொல்வதற்கு என்ன பெயர்?

உங்கள் மேசைக்கு வரும் காகிதம்

ஒரு மெகாவாட்டும் அதற்கு மேலும் வாங்குகிற ஆலைகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளச் சட்டம் வழி திறந்திருக்கிறது. தோல் தொழிற்சாலை, நூற்பாலை, ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் நம் வியாபாரிகளிடம் இப்போது சூட்டு கோட்டு போட்ட பிரதிநிதிகள் வருகிறார்கள். லேப்டாப்பைத் திறந்து காட்டுகிறார்கள். "பாய், மின்வாரியத்தைவிட யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவு!" சரக்கு வாங்குவதில் நம்மவர்களை ஏமாற்ற முடியாது. லாரி வாடகை யார் தலையில், இறக்குகூலி யார் தலையில், நனைந்து வந்தால் யார் பொறுப்பு என்று கேட்காமல் ஒரு மூட்டையை இறக்க மாட்டார்கள். அதே மனிதர்கள் மின்சார ஒப்பந்தத்தில் முதல் பக்கத்து விலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் எப்படி?

அந்த விலை எங்கே நிற்கிற விலை என்று கேளுங்கள். மின் நிலைய வாசலிலா, மாநில எல்லையிலா, உங்கள் ஆலை மீட்டரிலா? மின் நிலைய வாசல் விலை என்றால், பாதைக் கட்டணம், வழியில் கரையும் இழப்பு, குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். பாதை அடைபட்டால் மின்சாரம் அங்கே இருக்கும்; மோட்டார் இங்கே நிற்கும். அப்போது அவர் உங்களுக்கு ஈடு தருவாரா, அல்லது "இது எங்கள் கையில் இல்லை" என்ற ஒற்றை வரியில் நழுவுவாரா? பெரும்பாலான காகிதங்களில் அந்த வரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் எடுக்காமல் விட்டால் மட்டும் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பது முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவனை உட்கார வையுங்கள். வணிகவியல் படித்துவிட்டு வேலை தேடும் நம் இளைஞர்கள் இந்தக் கால் மணி நேரக் கணக்கைக் கற்றுக்கொண்டால், பத்து ஆலைகளுக்குப் பார்த்துக்கொடுத்தே சம்பாதிக்கலாம்.

இன்னொரு விஷயமும் கேளுங்கள். ஒப்பந்தப் பாக்கி சந்தையையும் அடைக்கும். 2022 ஆகஸ்டில், மின் உற்பத்தியாளர்களுக்குப் பணம் பாக்கி வைத்த 13 மாநிலங்களின் 27 விநியோக நிறுவனங்களை மின்சாரச் சந்தையில் வாங்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய மின்சுமை மையம் நிறுத்தியது. மொத்தப் பாக்கி 5,000 கோடி ரூபாய் அளவில். அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. பாலம் திறந்திருந்தது, சரக்கும் இருந்தது, கடைக்காரர்தான் "பழைய பாக்கியை வைத்துவிட்டு உள்ளே வா" என்று கதவைச் சாத்தினார். பிறகு பாக்கியைத் தீர்த்த பின் கதவு திறந்தது.

கடைசியாக ஒரு வேலை. தென் மாவட்டங்களிலும் வட மாவட்டங்களிலும் நமக்கு அறிமுகமான நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் இஃப்தாரிலும் கை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். 2010 முதல் தென் மண்டலத்து நெரிசலால் மின் அமைப்பு மேம்பாட்டு நிதிக்கு வந்த தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு? அதிலிருந்து தென் மண்டலத்தின் தடங்களுக்கும் துணை மின் நிலையங்களுக்கும் திரும்பி வந்தது எவ்வளவு? எழுத்துப்பூர்வமான பதில் கேட்கும் கேள்வியாக இதை அவையில் வைக்கச் சொல்லுங்கள். நகலை உங்கள் ஊர்க் கிளைக்கு ஒன்று, நமக்கு ஒன்று அனுப்புங்கள்.